விதை கொடுத்தவர் பெயரும் ஏட்டில் ஏற வேண்டும்

காவிரியின் கடைமடையான காரைக்கால் பகுதியில், ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்குவது விவசாயிகளுக்குப் பழகிப்போன துயரம். இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கக்கூடிய சி.ஆர். 1009 சப்-1 ரகம் இப்போது டெல்டாவில் பயிராகிறது. அந்தத் தாங்கும் சக்தி எங்கிருந்து வந்தது?

ஒரிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த நாட்டு நெல்லிலிருந்து வந்தது. அதிலிருந்து தேர்வு செய்யப்பட்டதே எப்.ஆர். 13ஏ ரகம். வெள்ளத்தைத் தாங்கச் செய்யும் மரபணுவை 2006-ல் கண்டறிந்து வெளியிட்ட விஞ்ஞானிகளின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. விதையைக் காத்த உழவர்களின் பெயர்கள் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு விதி

மரபணுக்களை இயந்திர உறுப்புகள் போல இணைத்து, நுண்ணுயிர்களுக்குப் புது வேலை கற்பிப்பது செயற்கை உயிரியல். இதற்காக ‘ஐஜெம்’ என்ற உலக மாணவர் போட்டி 2004 முதல் நடைபெறுகிறது. சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களும் பங்கேற்றுள்ளனர். எந்த வேலையை மாணவர் செய்தார், எதை ஆசிரியர் செய்தார், வெளியார் உதவி என்ன என்று ஒவ்வொரு குழுவும் எழுதிக் காட்ட வேண்டும். காட்டாத குழுவுக்குப் பதக்கம் இல்லை.

இது நம் ஊருக்கும் பொருந்தும். செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. வேளாண் மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாகக் கிராமங்களுக்கு வந்து அனுபவம் பெறுகின்றனர். விதை, வயல், அனுபவம் மூன்றையும் விவசாயியிடம் பெறுவோர், அவர் பெயரையும் ஊரையும் அறிக்கையில் எழுதுவதே முறை.

உதவிய எல்லோரும் ஆசிரியர் ஆகிவிட முடியாது. ஆய்வைத் திட்டமிட்டு, நடத்தி, எழுதியவர்களே ஆசிரியர்கள். வயல் தந்தவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு. விதை தந்தவரின் பெயர், விதை கிடைத்த இடத்தைக் கூறும் பகுதியில் வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, புதிய ரகத்தைப் பதிவு செய்பவர், அதன் பெற்றோர் ரகங்கள் கிடைத்த இடத்தையும், அதில் உழவரோ கிராமமோ ஆற்றிய பங்கையும் தெரிவிக்க வேண்டும். பலனில் பங்கு கோரவும் வழி உண்டு. உழவர் தாம் காத்த ரகத்தைத் தாமே பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

* விதை கொடுக்கும்போது நெல்லின் ஊர்ப்பெயர், அளவு, தேதி ஆகியவற்றை எழுதி, பெறுபவரிடம் கையெழுத்து வாங்கவும்.
* எத்தனை ஆண்டுகளாகப் பயிரிடுகிறீர்கள், யாரிடமிருந்து விதை பெற்றீர்கள் என்பதையும் குறிக்கவும்.
* கொடுத்த விதையில் ஒரு படியாவது கையில் வைத்துக் கொள்ளவும்.
* ஆய்வு முடிந்ததும் அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டுப் பெறவும்.

ரகப் பதிவு பற்றி மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். ஒரு துண்டுக் காகிதம்தான். பிற்காலத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு அதுவே சாட்சி.