சிக்னல் ஃபுல், இணையம் எங்கே?

போன்ல சிக்னல் ஃபுல்லா காட்டுது. ஆனா வருமானச் சான்றிதழுக்கு ஆவணத்தைப் பதிவேற்றப் போனா, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. கடைசியில மொட்டை மாடிக்கு ஏறி அனுப்புறீங்க. இது உங்க வீட்டுக் கதையா இருந்தாலும், கணக்கேட்டில் உங்க ஊர் பெரும்பாலும் 'இணைய வசதி உள்ள' ஊராகத்தான் இருக்கும்.

இந்த வித்தியாசத்தைச் சின்ன விஷயமா நினைச்சுடாதீங்க. அடுத்த கேபிள் எங்கே போகணும், எந்த ஊருக்கு டவர் வேணும் என்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவாகிறது. 'வசதி இருக்கு' என்று குறிக்கப்பட்ட இடத்துக்கு யாரும் புதுசா பணம் ஒதுக்க மாட்டாங்க.

கணக்கு தப்பினா என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கு. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நாட்டைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதியில் ஒரே ஒரு வீட்டுக்கு நிறுவனம் இணைப்புத் தர முடிந்தால் போதும், அந்தப் பகுதி முழுக்கவே பிராட்பேண்ட் வந்துவிட்டதாக அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. பல ஆண்டுகள் கணக்கு வைத்திருந்தது. நகரத்தில் அந்தப் பகுதி ஒரு தெரு அளவுதான். கிராமப்புறத்தில் மைல் கணக்கில் நீளும். மெயின் ரோட்டு வீட்டுக்கு லைன் வந்தா, மலையடிவாரத்து வீட்டுக்கும் வந்ததா அர்த்தம்!

அந்த விவரத்தையும் நிறுவனங்களே கொடுத்தன, பெரிதாகச் சரிபார்ப்பு இல்லை. 2019-இல் ஆணையத்தின் வரைவு அறிக்கை, பிராட்பேண்ட் வசதி இல்லாதவர்கள் ஒரே ஆண்டில் 2.61 கோடியிலிருந்து 1.94 கோடியாகக் குறைந்துவிட்டதாகச் சொன்னது. ஃப்ரீ பிரஸ் என்ற அமைப்பு தரவைத் தோண்டிப் பார்த்தது. ஒரு சின்ன நிறுவனம், சுமார் 6.2 கோடி பேர் வாழும் பகுதிகளுக்குத் தன்னால் ஃபைபர் தர முடியும் என்று தவறாகப் பதிந்திருந்தது. திருத்திய பிறகு எண்ணிக்கை 2.13 கோடி. அதாவது ஒரே ஒரு படிவத்தால் 19 லட்சம் பேருக்குக் காகிதத்தில் மட்டும் இணையம் கிடைத்திருந்தது.

2020-இல் அங்கே புதிய சட்டம் வந்தது. 2022 நவம்பரில் வீடு வீடாகக் காட்டும் வரைபடம் வெளியானது. 'எங்க வீட்டுக்கு இந்த இணைப்பு கிடைக்கலை' என்று பொதுமக்களே ஆட்சேபிக்கலாம். 4,245 கோடி டாலர் திட்ட நிதியை மாநிலங்களுக்குப் பிரித்ததும் இந்த வரைபடத்தை வைத்துத்தான்.

சரி, நம்ம ஊர் நிலவரத்துக்கு வருவோம். முதல்ல, 'பிராட்பேண்ட்' என்றால் எவ்வளவு வேகம்? 2004-இல் இந்தியாவில் 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே பிராட்பேண்ட். 2023-இல்தான் அது குறைந்தபட்சம் 2 எம்.பி.பி.எஸ். ஆனது. பழைய அளவுகோலில் பாஸான இணைப்பில் இன்றைக்கு ஒரு வீடியோ வகுப்பைக்கூட ஒழுங்கா பார்க்க முடியாது.

இரண்டாவது, சிம் எண்ணிக்கை. டெல்லியில் 100 பேருக்கு 200-க்கும் மேல் தொலைபேசி இணைப்புகள் இருக்கு. அதற்காக அங்கே எல்லோர் கையிலும் போன் இருக்குன்னு சொல்ல முடியுமா? ஒருத்தரே இரண்டு, மூன்று சிம் வைத்திருப்பார்.

அதனாலதான் ஆளைக் கேட்டு எடுக்கும் ஆய்வு அவசியம். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு, 'நீங்க எப்போதாவது இணையம் பயன்படுத்தியிருக்கீங்களா?' என்று கேட்டது. தமிழ்நாட்டில் ஆம் என்ற ஆண்கள் 70.8 சதவீதம், பெண்கள் 46.9 சதவீதம். அதே ஊர், அதே டவர், பல இடங்களில் அதே வீடு. சிக்னல் வரைபடத்தில் இந்த இடைவெளி தெரியவே தெரியாது. (இதைப் படிக்கிற நீங்க ஏற்கனவே இணையத்தில் இருப்பவர். மறுபாதிக்கு இந்த இதழே போய்ச் சேராது என்பது எங்களுக்கும் உறுத்தத்தான் செய்யுது.)

பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் வேலையை டான்ஃபிநெட் செய்து வருகிறது. அதிலும் இதே கேள்வியைக் கேட்கணும்: ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வந்ததைக் கணக்கில் எடுப்பதா, அங்கிருந்து பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததை எடுப்பதா?

நீங்க செய்யக்கூடியது ஒன்று இருக்கு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 'மைஸ்பீட்' செயலியில் வேகத்தைச் சோதித்தால், முடிவை இடத்தோடு ஆணையத்துக்கே அனுப்பலாம். சிக்னல் நல்லா கிடைக்கும் மொட்டை மாடியில் நின்னு சோதிக்காதீங்க. நீங்க வழக்கமா போனைப் பயன்படுத்தும் அறையில், எல்லோரும் இணையத்தில் இருக்கும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை பாருங்க. வீட்டுக்கு ஆய்வுக்காரங்க வந்தா, அம்மாவுக்கான கேள்விக்கு அம்மாவே பதில் சொல்லட்டும்.