பாகூர் பையனா, மும்பை பிளேயரா? புதுச்சேரி ரஞ்சி டீமின் தீராத கணக்கு!

2025 டிசம்பர் ஐ.பி.எல் ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சி.எஸ்.கே ரசிகர்கள் பலருக்கும் கையிலிருந்த டீ ஆறிப்போயிருக்கும். பிரசாந்த் வீர், வயது 20. கார்த்திக் சர்மா, வயது 19. ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம் ரூபாய்! இந்திய அணிக்காக ஒரு மேட்ச்கூட ஆடாத இருவர்.

2018-ல் இதே சி.எஸ்.கே-வை 'டாடீஸ் ஆர்மி' என்று கலாய்த்தார்கள். முப்பதைத் தாண்டியவர்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்த டீம் அது. ஃபைனலில் ஷேன் வாட்சன் 117 நாட் அவுட் அடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொடுக்க, கலாய்த்தவர்கள் எல்லாம் விசிலடித்தார்கள். அடுத்த சில வருடங்கள் அனுபவமே தாரக மந்திரம். 2025-ல் பத்து அணிகளில் பத்தாவது இடம் வந்ததும் மந்திரம் மாறிவிட்டது.

சி.எஸ்.கே-வுக்கு என்ன... பணம் இருக்கிறது. தப்பாகிவிட்டால் அடுத்த ஏலம் இருக்கிறது. ஆனால் அனுபவமா, இளமையா, வெளியூரா, உள்ளூரா என்கிற இதே கேள்வி, புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் உள்ள ஒரு மைதானத்தைச் சுற்றி 2018-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே அது சில குடும்பங்களின் சோத்துக் கணக்கும்கூட.

எது உள்ளூர்?

வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு, ஊசுட்டேரிக் கரை, சேதராப்பட்டு என்று பைக்கில் போனால் துத்திப்பட்டு. ஃபேக்டரி ஷெட்டுகளும் வயல்களும் மாறி மாறி வருகிற ரோட்டில், திடீரென்று பச்சைப் பசேலென்று விரிகிறது சீகெம் மைதானம். கிரிக்கெட் அசோசியேஷன் ஆஃப் பாண்டிச்சேரியின் தலைமையிடம்.

போகிற வழியிலேயே ஒரு விஷயம் புரிந்துவிடும். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. நடுவில் தமிழ்நாடு வரும், திரும்பவும் புதுச்சேரி வரும். பெட்ரோல் பங்க்கில் விலையைப் பார்த்தால்தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதே தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டத்தில் பிறந்தவன் இந்த மைதானத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்தாலும், பேப்பரில் 'வெளியூர்'. கேரளாவின் கண்ணூர் பக்கத்தில் இருக்கும் மாஹேக்காரர், ஆந்திராவுக்கு நடுவில் இருக்கும் ஏனாம்காரர் இருவரும் 'உள்ளூர்'. ஆக, உள்ளூர் பிளேயர் என்ற வார்த்தையே இங்கே கொஞ்சம் சிக்கலான வார்த்தைதான்.

இந்தச் சிக்கல் முதல் நாளே வெடித்தது. 2018-19 சீசனில் பீகார், உத்தரகாண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என ஒன்பது புது அணிகள் ரஞ்சிக்குள் வந்தன. அதில் புதுச்சேரியும் ஒன்று. ஒரு மாநில அணி மூன்று வெளியூர் வீரர்களைத் தொழில்முறை வீரர்களாக எடுக்கலாம் என்பது பி.சி.சி.ஐ விதி. அதுபோக, குறைந்தது ஒரு வருடமாக அங்கே வசிப்பவர், படிப்பவர், வேலை பார்ப்பவர் உள்ளூர் வீரராகப் பதிவு செய்யலாம். புது அணி என்பதால் புதுச்சேரிக்கு இதில் சலுகை கிடைத்தது. 2018 செப்டம்பரில் விஜய் ஹசாரே தொடரில் புதுச்சேரி இறங்கியபோது, 'இதில் புதுச்சேரிக்காரர் எத்தனை பேர்?' என்று கேள்வி கிளம்ப, முதல் ஆட்டம் முடிந்த கையோடு எட்டு வீரர்களின் பதிவையே பி.சி.சி.ஐ ரத்து செய்தது. உள்ளூர் பையன்களுக்கு இடமில்லை என்று அன்று ஆரம்பித்த புகார் இன்னும் ஓயவில்லை.

பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கி

புதுசாக டீம் ஆரம்பிப்பவர்களுக்கு எல்லா ஊரிலும் இதே தலைவலிதான். கொஞ்சம் அமெரிக்கா போய்வருவோம். 2017-ல் பாலைவன நகரமான லாஸ் வேகாஸில் 'வேகாஸ் கோல்டன் நைட்ஸ்' என்று ஒரு ஐஸ் ஹாக்கி கிளப் தொடங்கினார்கள். (வெயிலில் ஐஸ் ஹாக்கியா என்று புதுச்சேரிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அவர்களும் ஏ.சி அரங்கத்துக்குள்தான் ஆடுகிறார்கள்.) அந்த லீக்கில் இருந்த 30 அணிகளும் தங்களுக்கு முக்கியமானவர்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு, மிச்சமிருந்தவர்களில் தலா ஒருவரைப் புது டீமுக்கு விட்டுக்கொடுத்தன. பழைய முதலாளி வேண்டாம் என்று விட்டவர்களை வைத்தே வேகாஸ் முதல் சீசனில் ஃபைனலுக்குப் போனது. 2023-ல் கோப்பையையும் வென்றது.

அதே விளையாட்டில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் போனது நேர் எதிர் ரூட். இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், மற்றவர்கள் கண்டுகொள்ளாத பாவெல் டட்சியூக்கை 1998-ல் 171-வது ஆளாகவும், ஹென்ரிக் ஸெட்டர்பெர்க்கை 1999-ல் 210-வது ஆளாகவும் எடுத்தார்கள். உடனே களத்தில் தள்ளிவிடவில்லை. சில வருடங்கள் சொந்த நாட்டிலேயே ஆடிப் பழக விட்டார்கள். 2008-ல் டெட்ராய்ட் கோப்பை வென்றபோது டீமின் தூண்களே இந்த இருவர்தான்.

ரெண்டு வழியும் ஜெயித்திருக்கிறது. அதனால்தான் யாரும் சுலபமாக முடிவெடுக்க முடிவதில்லை.

புதுச்சேரி முதலில் வேகாஸ் வழியைத்தான் பிடித்தது. மும்பையிலிருந்து அபிஷேக் நாயர், ராஜஸ்தானிலிருந்து பங்கஜ் சிங், இமாச்சலிலிருந்து பரஸ் டோக்ரா. அடுத்த சீசனில் கர்நாடகாவுக்கு ரஞ்சிக் கோப்பைகளை வென்றுகொடுத்த கேப்டன் வினய் குமார். எல்லோரும் பழுத்த அனுபவசாலிகள். தப்பு சொல்ல முடியாது. அனுபவமே இல்லாத டீம் நாலு நாள் ஆட்டத்தில் ரெண்டு நாளில் சுருண்டால், அதிலிருந்து பையன்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்?

அதன் பலன் 2024 ஜனவரியில் டெல்லியில் தெரிந்தது. அருண் ஜேட்லி மைதானத்தில், சொந்த மண்ணில் ஆடிய டெல்லியை ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் புதுச்சேரி தோற்கடித்தது. மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர் கௌரவ் யாதவ் முதல் இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 7 விக்கெட், மேட்ச்சில் மொத்தம் பத்து. தோல்வியில் ஆடிப்போன டெல்லி, தன் கேப்டனையே மாற்றியது. அன்றைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்த ஸ்கோர்கார்டை வைக்காத பாண்டிச்சேரிக்காரர் என் லிஸ்ட்டில் இல்லை. நானும் வைத்தேன். வைத்துவிட்டு, ஏழு விக்கெட் எடுத்தவர் அடுத்த சீசனிலும் நமக்கு இருப்பாரா என்றும் யோசித்தேன்.

ஒரு இடத்தின் விலை

இப்போது அந்தச் சோத்துக் கணக்குக்கு வருவோம். 2021-ல் பி.சி.சி.ஐ உள்நாட்டு வீரர்களின் சம்பளத்தை உயர்த்தியது. 20 மேட்ச் வரை ஆடியவருக்கு ரஞ்சியில் ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். 40 மேட்ச் தாண்டியவருக்கு 60,000. ஆடும் பதினொருவரில் இடம்பிடித்த ஒரு புதுமுகத்துக்கு ஒரு நாலு நாள் ஆட்டத்துக்கு 1,60,000 ரூபாய். எட்டு அணிகள் கொண்ட குரூப்பில் லீக் ஆட்டங்கள் ஏழு. மொத்தம் 11,20,000. ரிசர்வில் உட்கார்ந்திருந்தால் பாதி. பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் பூஜ்யம்.

பாகூர் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் போடும் ஒரு குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் கிரிக்கெட்டுக்குக் குறைச்சல் இல்லை. அறுவடை முடிந்த வயலில் ஸ்டம்ப் நடுவார்கள், திருவிழாவுக்கு டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும், சிக்ஸருக்கு மைக்கில் பெயர் சொல்வார்கள். ஆனால் டென்னிஸ் பாலிலிருந்து லெதர் பாலுக்குப் போகிற தூரம் ரொம்பப் பெரியது. நல்ல இங்கிலிஷ் வில்லோ மட்டை ஒன்றே இருபதாயிரத்தைத் தாண்டும். பாகூர் தெற்குக் கோடி, துத்திப்பட்டு வடமேற்குக் கோடி. கிட் பையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஸ்கூல் முடிந்து இதைத் தினமும் செய்கிற பையனுக்கு, மேலே போனால் ஒரு இடம் காலியாக இருக்கும் என்ற நம்பிக்கையாவது வேண்டாமா?

பதினொன்றில் மூன்று தொழில்முறை வீரர்களுக்குப் போனால் மிச்சம் எட்டு. அந்த எட்டிலும், ஒரு வருட வசிப்பிடத்தையோ வேலையையோ காட்டிப் பதிவு செய்தவர்கள் வரலாம். விதிப்படி அவர்களும் உள்ளூர்தான். பாகூர் பையன் போட்டிபோடுவது அதற்கப்புறம் இருக்கும் இடங்களுக்கு. பாண்டிச்சேரி பிரீமியர் லீக்கில் 'வில்லியனூர் மோஹித் கிங்ஸ்', 'ஊசுடு அக்கார்டு வாரியர்ஸ்' என்று நம்ம கிராமத்துப் பெயர்களில் டீம்கள் இருக்கின்றன. டி.வி-யில் ஸ்கோர்போர்டில் 'வில்லியனூர்' என்று பார்க்கவே ஒரு குஷி. கூடவே, இதில் வில்லியனூர்க்காரர் யார் யார் என்று விரல் விட்டு எண்ணவும் தோன்றுகிறது.

விதர்பா செய்த வேலை

வெளியூர்க்காரரை எடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. எதற்காக எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு நாக்பூரைப் பார்க்க வேண்டும்.

பல காலம் ரஞ்சியில் சாதாரண டீமாக இருந்தது விதர்பா. அகாடமி வைத்து வயதுவாரியாகப் பையன்களை வளர்த்துக்கொண்டே, மும்பையிலிருந்து வாசிம் ஜாஃபரை அழைத்து வந்தார்கள். சந்திரகாந்த் பண்டிட் கோச். 2017-18, 2018-19 இரண்டு வருடமும் கோப்பை அவர்களுக்கே. ஜாஃபர் போனதும் டீம் விழுந்துவிடவில்லை. 2025 பிப்ரவரியில் மறுபடியும் ஃபைனல், கேரளாவுக்கு எதிராக. விதர்பா 24 ரன்னுக்கு 3 விக்கெட். அப்போது களத்தில் சேர்ந்த இருவரில் ஒருவர் கருண் நாயர். சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 303 அடித்தவர், கர்நாடகாவிலிருந்து வந்த வெளியூர் வீரர். இன்னொருவர் டேனிஷ் மாலேவர். நாக்பூர் பையன், வயது 21, ரஞ்சியில் அதுதான் முதல் சீசன். இருவரும் சேர்த்தது 215 ரன். நாயர் 86-ல் ரன் அவுட், மாலேவர் 153. முதல் இன்னிங்ஸில் 37 ரன் முன்னிலை, அதை வைத்தே மூன்றாவது கோப்பை. அதே சீசனில் 69 விக்கெட் எடுத்து ரஞ்சி சாதனை படைத்த ஹர்ஷ் துபேயும் விதர்பாவில் வளர்ந்தவர்தான்.

எதிரணி கேரளாவில் ஆடிய ஆதித்ய சர்வதே, அதற்கு முந்தைய சீசன் வரை விதர்பா வீரர்! வெளியே ஆள் அனுப்பும் அளவுக்கு அவர்களிடம் ஆள் இருக்கிறது.

ராஜஸ்தான் 2010-11-ல் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். கீழ்ப்பிரிவான பிளேட்டில் கிடந்த அணி. ரிஷிகேஷ் கனித்கர், ஆகாஷ் சோப்ரா என்று வெளியிலிருந்து வந்த சீனியர்கள் பேட்டிங்கைத் தாங்க, முதல் மேட்ச் ஆடிய 18 வயது தீபக் சஹார் 10 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். ஹைதராபாத் 21 ஆல் அவுட். அந்த சீசனில் கோப்பை ராஜஸ்தானுக்கு. அடுத்த சீசனிலும் அவர்களுக்கே, அதுவும் சேப்பாக்கத்தில் நம்ம தமிழ்நாட்டைத் தோற்கடித்து.

இரண்டு கதையிலும் பெரியவர் ஒரு முனையில் நின்றார், மறுமுனையில் நின்றது ஊர்ப் பையன். புதுச்சேரி கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. டோக்ரா இங்கே ஆடிய வருடங்களில் மறுமுனையில் நின்றது யார்? டோக்ரா ஜம்மு காஷ்மீருக்குப் போய்விட்டார். அங்கே கேப்டனாகி, 2025 ஜனவரியில் ரோஹித் சர்மா ஆடிய மும்பையையே தோற்கடித்தார். அவர் விட்டுப்போன நாலாம் நம்பர், ஐந்தாம் நம்பர் இடத்துக்கு இன்னொரு வெளியூர் சீனியரைத் தேடுவது ஒரு சீசனுக்குச் சரி. ஏழெட்டு சீசனாக அதே தேடல் என்றால், கீழே 16 வயது, 19 வயது அணிகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் அது. டெட்ராய்ட்காரர்கள் மாதிரி காத்திருக்க ஒரு பொறுமை வேண்டும். தோற்கிற இரண்டு சீசனைத் தாங்கிக்கொள்ளும் தைரியமும் வேண்டும். ரசிகர்களான நமக்கும்தான், டெல்லியை ஜெயித்த ஸ்டேட்டஸ் தினம் கிடைக்காது.

துத்திப்பட்டிலிருந்து நான் கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. சேதராப்பட்டு ஸ்டாப்பில், தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் கிட் பையின்மேல் உட்கார்ந்து ஒரு பையன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தான். எந்த ஊர் என்று கேட்டேன். பாகூருக்குப் பக்கம் என்றான். டவுன் பஸ் வந்தது. பையை முதலில் ஏற்றிவிட்டு, அப்புறம் அவன் ஏறினான்.