பழவேற்காட்டு முகத்துவாரம்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காட்டுக்குச் சென்றால், டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டையைத் தேடிப் பாருங்கள். புதர் மண்டிய மேடுதான் கண்ணில் படும். சோழமண்டலக் கரையில் டச்சு வாணிபத்தின் தலைமையிடமாக விளங்கிய ஊர் இது!

அவ்வாணிபத்திற்கு வழிவிட்டது ஏரியின் முகத்துவாரம். பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கேற்றிய படகுகள் இவ்வழியே ஊருக்கு வந்து போயின. ஆனால் இந்த வாசல் ஓரிடத்தில் நிற்பதன்று. ஏன்?

தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அலைகள் கரையைச் சாய்வாக மோதி, மணலைச் சிறிது சிறிதாக வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறும். ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால், வடக்கே செல்லும் மணலே மிகுதி. ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாவும் (ராக்கெட் தளம் உள்ள அதே தீவுதான்) இவ்வாறு கடல் குவித்த மணலே.

மழைக்காலத்தில் ஆரணியாறு முதலியவற்றின் வெள்ளம் மணலை அறுத்து வாயைத் திறந்து வைக்கிறது. வெள்ளம் வடிந்தபின் அந்த வேலை ஓதத்தின் பொறுப்பாகிறது. நம் கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரமோ ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆகவே மணல் வென்றுவிடுகிறது. வாய் தூர்ந்தால் படகு கடலுக்குப் போகாது. இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வாரா. மீனவர் கூடி மணலை வெட்டி வழி திறப்பதும் உண்டு.

இருபுறமும் கற்சுவர் நீட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். வாய் திறந்திருக்கும், ஆனால் வடக்கே போகவேண்டிய மணல் தடைப்படும். சென்னைத் துறைமுகச் சுவரால் தெற்கே மெரினா அகன்றதையும், வடக்கே இராயபுரம் கரை அரிக்கப்பட்டதையும் நினைத்துப் பாருங்கள்.

கட்டடங்களைத் தாக்குவது அலை மட்டுமன்று. உவர்நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே சுவரில் ஏறுகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு துளைக்குள் படிகமாக வளர்ந்து செங்கல்லைப் பிளக்கிறது. சுவரில் ‘உப்புப் பூத்தல்’ என்று நாம் சொல்வது இதன் அடையாளமே. இக்கரையின் பழங்கட்டடங்களில் வழங்கிய கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உப்பால் உதிர்ந்தாலும் மறுபடி பூசிக்கொள்ளலாம். பழுதுபார்க்கிறோம் என்று அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உதிர்வது பூச்சாக இராது, செங்கல்லாகவே இருக்கும்.