பயிலுஞ் சாரதியும் கவலையீனமும்

கவலையீனமாக மோட்டார் வண்டி செலுத்திப் பிறர்க்கு ஊறு விளைத்தவர் நட்டஈடு கொடுத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின், இயன்ற அளவு கருத்தூன்றிச் செலுத்தியும் பயிற்சிக் குறைவினாற் பிழை செய்தவரைக் கவலையீனமுடையவர் எனலாமோ? இவ்வினா 1971இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின்முன் எழுந்தது.

பெண்ணொருவர் தம் நண்பரிடம் வண்டியோட்டப் பயின்றார். விபத்து நேரின் தமக்கும் காப்புறுதி உண்டென அறிந்த பின்னரே நண்பர் கற்பிக்க இசைந்தார். மூன்றாம் பாடத்தின்போது இடப்புறந் திரும்பிய வண்டி நேர்ப்படாது சென்று விளக்குக் கம்பத்தில் மோதியது. நண்பரின் முழங்காற் சில்லு முறிந்தது.

பயின்றவரே பொறுப்பாளி என மன்று தீர்த்தது. சட்டம் அளப்பது செலுத்துவோரின் உள்ளத்தையன்று; தேர்ந்த சாரதியின் திறமையே அதன் அளவுகோல். ஆளுக்கோர் அளவுகோல் வைப்பின் வீதியிற் செல்வோர் கதி யாதாகும்? எனினும், கியரையும் கைத்தடையையும் நண்பரே கவனித்தமையின், அவர்க்குரிய நட்டஈடு பாதியாகக் குறைக்கப்பட்டது.

முதனோக்கிற் கொடிதாய்த் தோன்றும் இத்தீர்ப்பின் உட்கிடை காப்புறுதியே. இதனை டெனிங் பிரபு மறைத்திலர்: அறநெறியிற் பயில்பவர்மீது குற்றமில்லையெனினும், காப்புறுதி பெற்றிருத்தலின் இழப்பு அவர்பாலதே என வெளிப்படையாகவே கூறினார்.