தறி ஓடிய தெரு

‘கடல் தாண்டிய நாட்கள்’ தொடர் – 8

மான்செஸ்டரில் படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லண்டன் என்றால் ஒரு சனி, ஒரு ஞாயிறு. ரயிலில் போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்தால் அந்தக் காசில் ஒரு வாரச் சாப்பாட்டை முடித்துவிடலாம். அதனால் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறுவோம், விடியும்போது விக்டோரியா பேருந்து நிலையத்தில் இறங்குவோம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் சீனியர்களிடமிருந்து கைமாறி வரும்: பிக் பென், பக்கிங்ஹாம் அரண்மனை, டவர் பாலம், கோஹினூர். பட்டியலை நான் குறை சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்க அதன்படிதான் சுற்றினேன். நகரத்துக்குள் ஒரு மணி நேரத்தில் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம். மாடிப் பேருந்தின் முன் இருக்கை கிடைத்துவிட்டால் லண்டனைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

பிரிட்டிஷ் மியூசியத்தில் மட்டும் கால் நகரவில்லை. அங்கே என்னை நிறுத்தியவை அமராவதி ஸ்தூபியின் சிற்பங்கள். வால்டர் எலியட் என்ற அதிகாரி 1845-இல் தோண்டியெடுத்து மெட்ராசுக்கு அனுப்பியவை. 1859-இல் கப்பலேறி லண்டனுக்கு வந்தவை. அதே ஸ்தூபியின் இன்னொரு பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழும்பூரில் இருப்பதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்ட எனக்கு, மீதியைப் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

ஆனால் இந்த வாரம் எழுத நினைத்தது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. பட்டியலில் இல்லாத ஓர் இடம் அது: ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, எல்லைக்கு அந்தப்பக்கம் நகரி, புத்தூர் என்று எந்தத் தறியூரிலிருந்து லண்டன் போகிற பிள்ளையானாலும் அரண்மனையை விட்டால்கூடப் பரவாயில்லை, இதை விடக்கூடாது என்பது என் கட்சி.

லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி நாலு எட்டு வைத்தால் டெவன்ஷயர் சதுக்கம். உயரமான செங்கல் கட்டடங்கள். இப்போது அலுவலகங்களும் உணவகங்களும். ஒரு காலத்தில் இவை கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகள். கப்பலில் வந்த துணியும் தேயிலையும் வாசனைப் பொருளும் இங்கே அடுக்கப்பட்டு, ஏலத்துக்குப் போயின. அங்கிருந்து கிழக்கே நடந்தால், பத்து நிமிஷத்துக்குள் நெசவாளர் தெரு வந்துவிடுகிறது. இறக்குமதித் துணியின் கிடங்குக்கும் உள்ளூர் நெசவாளியின் வாசலுக்கும் இடையே அவ்வளவுதான் தூரம்.

1685-இல் பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை ரத்து செய்தான். ஊரை விட்டு ஓடிவந்த, ஹியூகனாட் எனப்படும் அந்த மக்களில் பட்டு நெசவாளர்கள் பலர் இங்கே குடியேறினார்கள். ஃபூர்னியே தெரு, பிரின்ஸ்லெட் தெரு, வில்க்ஸ் தெரு என்று அந்தக் காலத்துத் தெருக்கள் அப்படியே நிற்கின்றன. தலையைத் தூக்கிப் பாருங்கள். மேல்மாடியில் மட்டும் சுவரை அடைத்துக்கொண்டு நீள நீளமான ஜன்னல்கள். தறி அங்கேதான் ஓடியது. பட்டிழையின் நிறம் பிரித்துப் பார்க்க வெளிச்சம் வேண்டுமே. நம் ஊரில் குழித்தறி வீடுகளில் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு வைத்து வெளிச்சத்தை நேரே பாவின் மேல் இறக்குவார்கள் அல்லவா, அதே கணக்கு. சில வீட்டு வாசலில் நூல் சுற்றும் கட்டையைப் பெரிதாகச் செய்து அடையாளமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பள்ளி விடுமுறை முழுக்கத் தார் சுற்றி வளர்ந்த எனக்கு, லண்டனில் யாரும் விளக்கிச் சொல்லாமலே புரிந்த முதல் விஷயம் அதுதான்.

பிரின்ஸ்லெட் தெரு முனை வீட்டில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அன்னா மரியா கார்த்வெயிட் என்ற பெண் 1763-இல் இறக்கும்வரை அங்கே இருந்து பட்டுக்கு டிசைன் போட்டார். பூவும் கொடியுமாக அவர் வண்ணத்தில் வரைந்த நூற்றுக்கணக்கான மாதிரிகள் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. டிசைன் போட்டவரின் பெயர் முந்நூறு வருஷம் நிற்கிறது என்பதை நம் ஊர்ச் சேலை டிசைன்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நெய்த கைகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கேயும் பெயர் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் பெண்கள் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன பருத்தித் துணியில் மயங்கிக் கிடந்தார்கள். துவைத்தாலும் சாயம் போகாத, பூ வரைந்த துணி, பட்டைவிட மலிவு. கம்பெனி 1639-இல் சென்னைக் கரையில் இடம் பிடித்ததற்கே நல்ல துணி மலிவாகக் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கி நெசவாளர்களைக் குடியமர்த்தியதும் இந்த வியாபாரத்துக்காகத்தான்.

நம் ஊரில் வேலை பெருக, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் தறி நின்றது. 1697-இல் நெசவாளர்கள் கூட்டமாகப் போய் கம்பெனியின் தலைமையகத்தைத் தாக்கினார்கள். வண்ணமிட்ட ஆசியத் துணிகளை உடுத்தத் தடை விதிக்கும் சட்டம் 1701-இல் அமலுக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டம் தடுக்காத வெள்ளைத் துணியை இறக்கி லண்டனிலேயே அச்சடித்து விற்றார்கள் வியாபாரிகள். 1719 கோடையில் பொறுமை தீர்ந்த நெசவாளர்கள் தெருவில் காலிகோ என்ற அந்தப் பருத்தித் துணியை உடுத்தி வந்த பெண்களின் உடையைக் கிழித்தார்கள். மையையும் திராவகத்தையும் ஊற்றினார்கள். 1721-இல் அச்சடித்த பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் தடை வந்தது. 1774-இல் அந்தத் தடை நீங்கியபோது, வாசல் திறந்தது பிரிட்டனிலேயே நெய்த பருத்திக்கு. நான் படிக்கும் மான்செஸ்டர் எழுந்தது அப்படித்தான். அடுத்த நூற்றாண்டில் அந்த மில் துணி திரும்பி வந்து நம் தறிகளைச் சாய்த்த கதை எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெண்கள் மேல் திராவகம் ஊற்றியதை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் தறி நின்ற வீட்டின் வயிறு எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் தறிச்சத்தம் இருக்கும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. நின்றால்தான் எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். மின்சாரம் போயிருக்கும், அல்லது நூல் வந்திருக்காது, அல்லது கூலிப் பேச்சு முறிந்திருக்கும். ஃபூர்னியே தெருவில் நின்றபோது, நம் துணியை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பக்கமும் கூலிக்கு நெய்தவர்கள். லாபம் கம்பெனியிடம் இருந்தது.

தெரு முடிவில் பிரிக் லேன். முனையில் ஒரு பள்ளிவாசல். 1743-இல் ஹியூகனாட்கள் தேவாலயமாகக் கட்டியது, பிறகு மெதடிஸ்டுகள், 1898 முதல் யூதர்களின் ஜெபக்கூடம், 1976 முதல் வங்காளதேச முஸ்லிம்களின் பள்ளிவாசல். சுவரில் 1743 என்று பொறித்த நிழற்கடிகாரம் இன்னும் இருக்கிறது. வந்தவர்கள் மாறினார்கள், தொழில் பெரிதாக மாறவில்லை: பட்டு நெசவு, தையல், தோல் ஆடை. தெருப்பெயர்ப் பலகைகளில் ஆங்கிலமும் வங்காளியும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த திருத்தணித் தாலுகாவைச் சேர்ந்த எனக்கு, ஒரு தெருவில் இரண்டு மொழி கேட்பது வீட்டு வாசலில் நிற்பதுபோல.

மதியத்துக்கு மேல் பெத்னல் கிரீன் வரை நடந்தேன். ஸ்டேஷன் பக்கத்தில் ‘சால்மன் அண்டு பால்’ என்றொரு மதுக்கடை. அதன் எதிரே 1769 டிசம்பரில் ஜான் வாலின், ஜான் டாயில் என்ற இரண்டு நெசவாளர்களைத் தூக்கிலிட்டார்கள். கூலிப் போராட்டத்தில் தறியில் இருந்த பட்டை அறுத்ததாகக் குற்றச்சாட்டு. ஊருக்குப் பாடமாக இருக்கட்டும் என்று நெசவாளர்கள் குடியிருக்கும் இடத்திலேயே தூக்குமரம் நட்டார்கள். கலகம் அடங்கவில்லை. நான்கு வருஷம் கழித்து, 1773-இல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சட்டம் வந்தது: நெசவுக் கூலியை நீதிபதிகள் நிர்ணயிப்பார்கள், அதற்குக் குறைத்துக் கொடுத்தாலும் கூட்டி வாங்கினாலும் அபராதம்.

இரவு பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நைனாவுக்குப் போன் போட்டேன். அரண்மனையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தூக்குக் கதையைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

“அந்தக் கூலிச் சட்டம் எத்தனி வருசம் இருந்திச்சிடா?”

“அம்பது வருசம் நைனா. 1824-ல எடுத்துட்டாங்க.”

“யாரு எடுக்கச் சொன்னது?”

“முதலாளிங்கதான். இங்க கூலி ஜாஸ்தி, வேலையெல்லாம் வெளியூருக்குப் போகுதுன்னு மனு கொடுத்தாங்க.”

“அப்புறம்?”

“கூலி எறங்கிப் போச்சு. 1860-ல பிரான்ஸ்கூட ஒப்பந்தம் போட்டு பிரெஞ்சுப் பட்டுக்கு வரி இல்லேன்னுட்டாங்க. அதோட தறி முடிஞ்சிது.”

“வெளியூருக்கு வேலை போகுதுன்னா,” என்றார் நைனா, “அந்த வெளியூருக்கும் சேத்து இல்ல சட்டம் போட்டிருக்கணும்? ஒரு ஊருக்கு மட்டும் போட்டா எப்படி நிக்கும்?”

இதே கேள்வி இருநூறு வருஷத்துக்கு முன்பு அந்த நெசவாளர்களிடமும் இருந்தது. சட்டத்தை எடுக்காதே, நாடு முழுவதற்கும் நீட்டு என்று அவர்கள் பக்கத்திலிருந்து வாதம் எழுந்தது. பாராளுமன்றம் ஏற்கவில்லை. அதைச் சொன்னேன்.

“அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு,” என்றார்.

(தொடரும்)