பட்டா யார் பேரில்?

1974-ஆம் வருஷத்தில் தேசத்தின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் தோன்றியது முதலாக, கிராமத்து வாலிபர்களுக்கு விவசாய சாஸ்திரத்தைக் கற்பிக்கும் பணி ஜில்லாவுக்கு ஜில்லா சிரத்தையாக நடந்துவருகிறது. இப்பயிற்சிகள் நிலைக்கவேண்டுமாயின் நிதி பெருகவேண்டும் என்பார் சிலர். விளைபொருளுக்கு நல்ல விலை கிடைத்தால் போதும் என்பார் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் என் மனத்தை வருத்துவது மற்றொன்று.

பதினான்கு நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, இருபத்தைந்து சென்டிமீட்டர் சதுரத்தில் நடும் திருந்திய நெல் சாகுபடியைக் கற்று, உற்சாகம் குன்றாமல் ஊர் திரும்பும் பிள்ளையைப் பார்த்து, “ஒத்தை நாத்தை நட்டு ஊரைச் சிரிக்க வைக்கப் போறியா?” என்று தகப்பனார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பெற்ற வித்தை அத்தனையும் வரப்போடு நின்றுவிடுகிறது, ஏனெனில் வயல் அவருடையது, சில வீடுகளில் காலமாகிவிட்ட பாட்டனாருடையது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும் நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் வேண்டும். சொட்டு நீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்குச் சர்க்கார் அளிக்கும் முழு மானியத்தைக் கேட்டாலும் அவையே வேண்டும். 2015-16 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதிலும் பாகப்பிரிவினை ஆகாத பங்கை நம்பி எந்த வாலிபன் பரீட்சை செய்து பார்ப்பான்? காளான் வளர்ப்புக்கும் தேனீ வளர்ப்புக்கும் இளைஞர்கள் ஆவலோடு வருவதன் ரகசியம், அவை பட்டா கேட்பதில்லை என்பதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அயலார் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவன் கதி இன்னும் பரிதாபம். குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-லேயே சட்டம் வந்தும், வாய்ச்சொல்லில் முடியும் குத்தகைகள் ஊர்தோறும் உண்டு. எழுதிக் கொடுத்தால் நிலம் திரும்பாது என்பது உடைமையாளரின் பயம்.

ஆகையால், பயிற்சிக்கு மனுப் போடும் பிள்ளையோடு தகப்பனாரையும் வரவழைத்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு ஏக்கரையேனும் மகன் பொறுப்பில் விடுவதாக ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தபின் வகுப்பை ஆரம்பிக்கலாகாதா? குடும்ப விஷயத்தில் தலையிடுவதாகச் சிலர் கோபிக்கலாம், கோபிக்கட்டும். எழுதும்போது வீட்டுப் பெண்களையும் உடன் வைத்துக்கொள்வது உத்தமம். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபாகம் என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் ஆகிவிட்டதால், பயிற்சிக்கு வரும் பிள்ளை மகனாகத்தான் இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை.