இயக்க நரம்பு நோயும் அதனைக் காட்டும் குறிகளும்

உடலின் தசைகளை இயக்கும் நரம்புக்கலங்கள் மூளையிலும் முண்ணாணிலும் உள்ளன. இவை படிப்படியாக அழியுங்கால் கைகால்கள் மெலியும். பேச்சும் விழுங்குதலும் தளரும். ஈற்றில் மூச்சும் தடைப்படும். பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1869ஆம் ஆண்டில் விளக்கிய இக்கொடு நோயுற்றாருட் பெரும்பாலோர் இரண்டு முதல் ஐந்தாண்டுகளுள் உயிர்துறப்பர். ஆயினும், 1963இல் இந்நோயினர் எனத் துணியப்பெற்ற பௌதிக அறிஞர் ஸ்டீபன் ஹோக்கிங் 2018 வரை வாழ்ந்தனர்.

இந்நோயைத் துணிதற்கெனத் தனிச் சோதனை ஒன்று நெடுங்காலமாக இருந்ததில்லை. அங்கங்களை ஆராய்ந்தும், தசைகளின் மின்னியக்கத்தைப் பதிந்தும், பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கியுமே மருத்துவர் முடிவுக்கு வருவர். இதற்குள் ஏறக்குறைய ஓராண்டு கழிந்துவிடும். அழிந்த கலங்களோ மீளா. ஆகவே, நோயை முன்கூட்டிக் காட்டவல்ல உயிரியற் குறியினை அறிஞர் நாடினர்.

அவற்றுள் முதன்மையானது நரம்பிழைப் புரதம். நரம்பின் நீண்ட இழைக்குச் சட்டகமாய் அமைந்த இது, நரம்பு சிதையுங்கால் முண்ணாண் நீரிலும், மிகச் சிறிதளவாகக் குருதியிலும் கலக்கின்றது. மட்டக்களப்பு வாவியில் விரித்த வலை கிழியின் அதன் நூல்கள் கரையொதுங்கும். வலை கிழிந்ததென்பதை அந்நூல்கள் உணர்த்தும். கிழித்தது முதலையோ, நீருள் மறைந்த கட்டையோ என்பதை உணர்த்தா. இப்புரதமும் அத்தகையதே. பக்கவாதத்திலும் மறதிநோயிலும் முதுமையிலுங்கூட அது மிகும்.

எனினும் இக்குறியாற் பயன் விளைந்துள்ளது. எஸ்.ஓ.டி.1 என்னும் மரபணுவின் மாற்றம் சில குடும்பங்களில் இந்நோயை விளைவித்தல் 1993இல் அறியப்பட்டது. அம்மாற்றமுடையோர்க்குரிய டோபர்சன் என்னும் மருந்தினை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் விரைவு முறையில் அனுமதித்தது. குருதியில் நரம்பிழைப் புரதம் குறைந்தமையே அதற்கு ஆதாரமாயிற்று.

தமிழகம் தந்த பாடமும் இங்குக் கருதற்பாலது. இளையோரிடத்துக் காணப்படும் வேறொரு வகையினைச் சென்னை மருத்துவர்களாகிய மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகியோர் 1970இல் விளக்கினர். 'மதராசு வகை' எனப்படும் இது தென்னிந்தியாவிலேயே மிகுதி. முகத்தசையும் நாத்தசையும் தளர்தலுடன் செவிப்புலனும் குன்றும். ஆயின் நோயாளர் பல்லாண்டு வாழ்வர். செவியைச் சோதியாது விடின், நீண்ட ஆயுளுடைய இளைஞன் ஒருவனுக்குக் குறுகிய ஆயுளைக் கூறிவிட நேரும். குருதிக் குறி மருத்துவனுக்குச் சிறந்த துணையாகும்; நோயாளனை நேரிற் கண்டு ஆராயுங் கடமை அவனை விட்டு நீங்குவதன்று.